மகப்பேறு விண்ணப்பத்தில் இருக்கும் அந்தப் பெயர்



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். இந்தப் பெயரைத் தெரியாதவங்க நம்ம கூட்டமைப்பில் யாரும் இருக்க மாட்டாங்க. நமக்கோ நம்ம மகளுக்கோ மருமகளுக்கோ விண்ணப்பம் எழுதியிருப்போம். ஆனா அந்த அம்மா யார், என்ன செஞ்சாங்கன்னு நிறைய பேருக்குத் தெரியாது. மலருக்கு எழுதச் சொன்னதும் அவங்க வரலாற்றைத்தான் எழுதணும்னு நினைச்சேன்.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தாங்க. அப்பா நாராயணசாமி ஐயர், மன்னர் கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவங்க. வயசுக்கு வந்ததும் பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடும் காலம் அது. இவங்க படிப்பை விடலை. வீட்டிலேயே படிச்சு, தனியாகவே மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதி 1902-ல் பாஸானாங்க. அடுத்து மன்னர் கல்லூரியில் இடம் கேட்டப்ப, ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் அனுமதி கொடுத்தார். நடுவில் திரை கட்டி, அதற்கு இந்தப்புறம் உட்கார்ந்து பாடம் கேட்டாங்க. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரா வெளியே வந்தாங்க.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்தாங்க. என்னைச் சமமா நடத்தணும், என் விருப்பத்துக்குக் குறுக்கே நிக்கக் கூடாதுன்னு முதலிலேயே பேசி வச்சுக்கிட்டாங்க. கல்யாணம் ஆனா லட்சியம் முடிஞ்சுதுன்னு நினைக்கிற நமக்கு இது ஒரு பாடம்.

1923-ல் அவங்க தங்கை புற்றுநோயில் இறந்துபோனாங்க. டாக்டரா இருந்தும் கூடப் பிறந்தவளைக் காப்பாத்த முடியலை. இந்த நோய்க்குன்னு ஒரு ஆஸ்பத்திரி கட்டணும் என்ற எண்ணம் அன்னைக்கு மனசில் விழுந்தது.

ஆனா உடனே கட்ட முடிஞ்சதா? இல்லை. வேற வேலைகள் வந்து நின்னது. சென்னை மாகாண சட்டசபைக்கு முதல் பெண் உறுப்பினரா போனாங்க. 1927-ல் அதன் துணைத் தலைவரானாங்க. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினாங்க. 1930-ல் காந்தியைக் கைது செய்ததைக் கண்டிச்சு பதவியையே விட்டாங்க. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கிற சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. நடுவில், வேற விடுதிகளில் இடம் கிடைக்காத பெண் பிள்ளைகளுக்காக ஔவை இல்லம் தொடங்கினாங்க. எல்லாமே அவசரமான வேலை. எதையும் தள்ள முடியாது.

அதுக்காக ஆஸ்பத்திரியை மறக்கலை. கிடைச்ச மேடையில எல்லாம் பேசினாங்க. கையேந்தி நிதி திரட்டினாங்க. 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. வெறும் 12 படுக்கைதான். தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது. அவங்களுக்கு 68 வயசு நெருங்கிடுச்சு. அவங்க மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அவரோட டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தாங்க. 1968-ல் முத்துலட்சுமி அம்மா காலமானாங்க. அவங்க பிறந்த நாளை இப்போ நம்ம தமிழ்நாடு அரசு மருத்துவமனை தினமா கொண்டாடுது.

எங்க குழுவில் ஒரு அக்காவுக்கு மார்பில் கட்டி. வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைச்சு வச்சிருந்தாங்க. கூட்டத்தில் அழுதப்பதான் எங்களுக்கே தெரிஞ்சது. அடையாறுக்குக் கூட்டிப் போனோம். வைத்தியம் முடிஞ்சு இன்னைக்கு வாராவாரம் கூட்டத்துக்கு வந்து சந்தா கட்டுறாங்க. தங்கைக்காக ஒரு அக்கா 31 வருஷம் விடாமல் பிடிச்ச பிடி, எங்க அக்காவைக் காப்பாத்தியிருக்கு.

நான் பத்தாவதோட நின்னவ. தனித்தேர்வரா மேற்கொண்டு பரீட்சை எழுதணும்னு புத்தகம் வாங்கி வச்சிருக்கேன். நடவு வரும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும், மாமியாருக்கு முடியாம போகும். புத்தகம் மூடியே கிடக்கும் மாசங்கள் உண்டு. முன்னெல்லாம், இனி அவ்வளவுதான்னு தோணும். இப்போ அப்படித் தோணலை. குறுக்கே வேலை வருவது தோல்வி இல்லை. வந்த வேலையை முடிச்சுட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வராமல் இருப்பதுதான் தோல்வி.

நாம கடனை அப்படித்தானே அடைக்கிறோம்? ஒரு மாசம் இழுபறி ஆனா அடுத்த மாசம் சேர்த்துக் கட்டுறோம், கணக்கை மூடிவிடுவதில்லை. நம்ம ஆசைக்கும் அப்படி ஒரு கணக்கு வைப்போம். தையல் படிக்கணும், மாடு வாங்கணும், கையெழுத்துப் போடப் பழகணும், எதுவானாலும் சரி. தீர்மான நோட்டில் கடனுக்குப் பக்கத்தில் அதையும் எழுதுவோம். மாசம் ஒருதரம், எது வரைக்கும் வந்திருக்குன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவோம்.