சாக்கடல் சுருள்களின் சாட்சி

வேதாகமத்தை நம்பத் தயங்குபவர்கள் முதலில் கேட்பது அதன் அற்புதங்களைப் பற்றி அல்ல. பல நூற்றாண்டுகளாகக் கையால் படியெடுக்கப்பட்ட நூலில் மூலம் எது, இடைச்செருகல் எது என்று யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கேள்விக்கு வலுவான பதில் இல்லை. எபிரேய வேதாகமம் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய பிரதி 1008 வாக்கில் எழுதப்பட்ட லெனின்கிராட் ஏடு. அலெப்போ ஏடு அதற்கு முந்தியது என்றாலும் 930 வாக்கைச் சேர்ந்ததுதான். ஏசாயா தீர்க்கதரிசி வாழ்ந்ததோ கி.மு. எட்டாம் நூற்றாண்டில். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு எபிரேயப் பிரதிகளின் சாட்சி மிகக் குறைவாக இருந்தது.

1947 வாக்கில், சாக்கடலின் வடமேற்குக் கரையில் கும்ரான் அருகே ஒரு குகையில் பெதுவின் இடையர்கள் கண்டெடுத்த சுருள்கள் அந்த நிலையை மாற்றின. அவற்றில் ஒன்று ஏசாயாவின் 66 அதிகாரங்களையும் கொண்டது. நீளம் ஏழு மீட்டருக்கும் மேல். எழுத்தமைதியும் கரிமக் காலக்கணிப்பும் அதைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கின்றன. மத்தியகாலப் பிரதிகளைவிட ஆயிரம் ஆண்டு மூத்த இந்தச் சுருளை அவற்றோடு ஒப்பிட்டபோது, நூலின் போக்கும் செய்தியும் மாறாமல் இருந்தன. பாடபேதங்கள் ஏராளம், ஆனால் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டலிலும் இலக்கணத்திலும் உள்ளவை. அதே குகையில் கிடைத்த மற்றொரு ஏசாயாச் சுருள், சிதைந்திருந்தாலும், மத்தியகாலப் பாடத்துக்கு இன்னும் நெருக்கமானது.

ஏசாயாவை மட்டும் காட்டி எல்லாம் இப்படியே என்று சொல்லலாமா என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். எரேமியா நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேயப் பாடத்தைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு சிறியது. அதிகாரங்களின் வரிசையும் வேறு. அந்தக் குறும்பாடத்தோடு ஒத்துப்போகும் எபிரேயத் துண்டுகளும் கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்தன. ஆகவே அக்காலத்தில் எரேமியாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் வழங்கின என்பது உண்மை. எழுத்துக்கு எழுத்து மாறாத நூல் என்று சொல்பவர்களுக்கு இது இடறல். ஆனால் மூலத்தை யாரோ ரகசியமாகத் திருத்தி மறைத்தார்கள் என்ற கதையும் இதனால் நிற்பதில்லை. வேறுபாடுகள் இரு மொழிப் பிரதிகளிலும் அழியாமல் கிடக்கின்றன. ஏசாயாச் சுருளிலேயே விடுபட்ட சொற்கள் வரிகளுக்கு மேலும் ஓரத்திலும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1952-இல் வெளிவந்த திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு 13 இடங்களில் அந்தச் சுருளின் பாடத்தை ஏற்றுக்கொண்டது.

படியெடுப்பு சரியாக இருந்தால் சொன்னது உண்மையாகிவிடுமா என்பது அடுத்த மறுப்பு. ஆகாது. பொய்யையும் பிழையின்றிப் படியெடுக்க முடியும். தேவன் பேசினார் என்பதைக் கரிமக் கணிப்பு நிறுவாது. சுருள்களின் சாட்சி அவ்வளவு தூரம் செல்வதில்லை. ஆனால் அதிகாரம் கோரும் எந்த நூலும் முதலில் ஒரு சோதனையைத் தாண்ட வேண்டும்: நாம் வாசிப்பது பழையவர்கள் வாசித்ததுதானா? ஏசாயாவைப் பொறுத்தவரை, சிறு வேறுபாடுகளோடு, ஆம் என்று ஆதாரத்துடன் சொல்லலாம். அந்தப் பதிலைத் தந்தது ஐயத்தை அடக்கிய கட்டளை அல்ல. பிரதிகளை வரிவரியாக ஒப்பிட்ட ஆய்வு. விசுவாசி ஆய்வுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐயவாதியும் ‘எல்லாம் மாற்றப்பட்டது’ என்ற பழைய வாதத்தோடு நின்றுவிட முடியாது. இனி விவாதிக்க வேண்டியது ஏசாயா சொன்னதைப் பற்றித்தான்.