கமிட்டுக்கு முன்னும் பின்னும்: புதிய பதிவோடு ஓடும் நிரல்

இணையச் செயலியில் ஒரு பதிவு உருவாகும்போது கூடவே நம் நிரலையும் ஓடவிடப் பல வழிகள் உள்ளன. 2004-இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ் மாடலுக்குள்ளேயே கால்பேக் எழுத இடம் தருகிறது. 2005-இல் வந்த ஜாங்கோ, சேமிப்புக்கு முன்னும் பின்னும் சிக்னல் அனுப்புகிறது. தரவுத்தளங்களில் டிரிகர் இவற்றுக்கும் மூத்தது. எஸ்க்யூஎல் தரநிலை 1999-இலேயே அதை ஏற்றது. இவற்றுள் எது எளிது என்றே பெரும்பாலும் விவாதிக்கிறோம். அந்த நிரல் பரிவர்த்தனைக்கு உள்ளே ஓட வேண்டுமா, கமிட் ஆன பிறகா என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது என இக்கட்டுரை வாதிடுகிறது.

ரெயில்ஸின் ‘ஆஃப்டர் கிரியேட்’டை எடுத்துக்கொள்வோம். இன்செர்ட் கட்டளை முடிந்ததும் இது ஓடுகிறது. ஆனால் பரிவர்த்தனை இன்னும் முடியவில்லை. ஆர்டர் பதிவானதும் இவ்விடத்திலிருந்து மின்னஞ்சல் வேலையை ரெடிஸ் வரிசையில் சேர்க்கிறோம் என்க. அந்தப் பரிவர்த்தனையைப் பற்றி ரெடிஸுக்கு ஒன்றும் தெரியாது. காத்திருக்கும் வொர்க்கர் உடனே வேலையை எடுத்து, ஆர்டர் எண்ணைத் தரவுத்தளத்தில் தேடும். கமிட் ஆகாத பதிவு போஸ்ட்கிரெஸில் பிற இணைப்புகளுக்குத் தெரியாது. ஆகவே ஆர்டரே இல்லை என்று வேலை தோற்கும். வொர்க்கர் சற்றுத் தாமதித்தால் எல்லாம் சரியாக நடந்துவிடும். அதனால்தான் இப்பிழை எழுதியவரின் கணினியில் எளிதில் தலைகாட்டாமல், நெரிசல் மிகுந்த சர்வரில் அவ்வப்போது வெளிப்படுகிறது. மின்னஞ்சலை அங்கேயே நேரடியாக அனுப்புவது இன்னும் கேடு. அதே பரிவர்த்தனையில் அடுத்து வரும் படி தவறி ரோல்பேக் ஆனால், இல்லாத ஆர்டருக்கான உறுதிக் கடிதம் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். தரவுத்தளம் தன் எழுத்தை அழித்துக்கொள்ளும். போன அஞ்சலை யாராலும் மீட்க இயலாது.

ரெயில்ஸின் ‘ஆஃப்டர் கமிட்’டும் ஜாங்கோ 1.9 முதல் கிடைக்கும் ‘ஆன் கமிட்’டும் இவ்விரண்டையும் தவிர்க்கின்றன. ஆயினும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. கமிட் ஆனதற்கும் நிரல் ஓடுவதற்கும் நடுவே செயலி விழுந்தால், ஆர்டர் இருக்கும், அஞ்சல் போகாது, போகவில்லை என்பதற்குத் தடயமும் இராது. பணமும் சரக்கும் சார்ந்த இடங்களில் இதை ஏற்க முடியாது. அங்கே அவுட்பாக்ஸ் முறையே தகும்: அனுப்ப வேண்டிய செய்தியை அதே பரிவர்த்தனையில் தனி அட்டவணையில் எழுதிவிட வேண்டும்; வேறொரு நிரல் அதைப் படித்து அனுப்பும். ஆர்டரும் செய்தியும் சேர்ந்தே நிலைக்கும், அல்லது சேர்ந்தே மறையும். ஒரே செய்தி இருமுறை போகக்கூடும் என்பதால், மறுபடி வந்ததைப் பெறும் பக்கம் அடையாளம் காண வேண்டியிருக்கும். அந்தக் கூடுதல் உழைப்பு வீணன்று.

தரவு ஒருபோதும் மீறக்கூடாத விதிகளின் நிலை வேறு. ஜாங்கோவின் ‘பல்க் கிரியேட்’ சேமிப்புச் சிக்னல்களை அனுப்பாது. ரெயில்ஸ் 6 தந்த ‘இன்செர்ட் ஆல்’ கால்பேக்குகளைத் தாண்டிச் செல்லும். நிர்வாகி கையால் எழுதும் எஸ்க்யூஎல் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே இருப்பு பூஜ்யத்துக்குக் கீழ் போகலாகாது, ஒவ்வொரு வரவுக்கும் தணிக்கைப் பதிவு வேண்டும் போன்ற விதிகள் தரவுத்தளத்தின் கட்டுப்பாட்டிலோ டிரிகரிலோ இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் மொத்தமாகத் தரவேற்றும் ‘காப்பி’ கட்டளைகூட டிரிகரை எழுப்பும். டிரிகர் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்பார்கள். சிக்னலும் அப்படித்தான், அது நிரலைப் புரிந்துகொள்ளவும் பிழைதிருத்தவும் கடினமாக்கலாம் என ஜாங்கோவின் ஆவணமே எச்சரிக்கிறது. டிரிகரை மைக்ரேஷன் கோப்பில் எழுதி வைத்தால் குழுவினர் அனைவரும் அதைப் படிக்கலாம்.

தவறாமல் போக வேண்டிய செய்தி, மீறக்கூடாத விதி என்ற இரண்டிலும் வரவேற்பு மடல் சேராது. பதிவு பிறப்பதால் எழும் கடமை அன்று அது. ஒருவர் தாமாக வந்து சேர்ந்ததால் எழுவது. அதை மாடலில் ஒளிக்காமல், பெயரிட்ட தனிச் செயற்கூறாக எழுதுவதே முறை. புதியவர் நிரப்பும் படிவம் அதை அழைக்கும். பழைய வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும் நிரல் அழைக்காது.