ரோக்ஃபோர்: ஒரு பெயரின் வழக்கு

மயோனைஸ், புளித்த கிரீம், சிறிது மோர், எலுமிச்சைச் சாறு. இவற்றோடு நீலப்பூசணம் படர்ந்த சீஸை உதிர்த்து, பாதியை மசித்தும் மீதியைத் துண்டுகளாகவும் கலந்து ஓரிரவு குளிரில் வைத்தால் சாலட்டுக்கான ப்ளூ சீஸ் டிரெஸ்ஸிங் ஆயிற்று. ஒரு காலத்தில் அமெரிக்கச் சமையல் நூல்களில் இதற்குப் பெரிதும் வழங்கிய பெயர் ரோக்ஃபோர் டிரெஸ்ஸிங். அப்பெயர் நழுவிய கதை சுவையானது.

தெற்குப் பிரான்சில் கொம்பலு மலையை ஒட்டிய சிற்றூர் ரோக்ஃபோர். மலை சரிந்து உண்டான குகைகளில், பாறைப் பிளவுகளின் வழியே ஈரக்காற்று ஓயாமல் வந்துகொண்டிருக்கும். செம்மறியாட்டுப் பாலில் செய்த சீஸை அங்கே முதிரவைக்கும் தனியுரிமையை 1411இல் மன்னர் ஆறாம் சார்லஸ் அவ்வூராருக்கு வழங்கினார். 1925இல் பிரெஞ்சுச் சட்டம் பெயருக்கும் காவல் தந்தது.

பூசணத்துக்கு அப்படிக் காவல் போட இயலவில்லை. 1906இல் சார்லஸ் தாம் என்ற அமெரிக்கர் அதற்குப் பெனிசிலியம் ரோக்ஃபோர்டி என்று பெயரிட்டார். ஊர்ப்பெயரைச் சுமந்த அப்பூசணம் பசும்பாலிலும் தயக்கமின்றி வளர்ந்தது. 1941இல் அயோவாவின் மேடாக் பண்ணை பசும்பாலில் ப்ளூ சீஸ் செய்யத் தொடங்கியது.

ரோக்ஃபோர் ஊர் 1953இல் அமெரிக்காவில் தன் பெயரைச் சான்றுக்குறியாகப் பதிந்துகொண்டது. வேறு நாட்டுச் சீஸை அப்பெயரில் விற்ற நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர்மீது வழக்குத் தொடுத்து, 1962இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அவர் விற்றதும் செம்மறியாட்டுப் பாலில் ஆனதுதான்! ஊரும் குகையும் மட்டுமே வேறு. எனக்கென்னவோ தீர்ப்பு சரியென்றே படுகிறது. குகைக்காற்றை இறக்குமதி செய்ய முடியாதல்லவா?

வீட்டுக் கிண்ணத்துக்கு முகப்புச்சீட்டு கிடையாது. அதில் உண்மையான ரோக்ஃபோரையே உதிர்ப்பவர்கள் தனியே உப்பிட வேண்டியதில்லை.