இம்யூனிட்டி ஏறினால் மட்டும் போதுமா? உடம்புக்குள் இருக்கும் 'பிரேக்' செல்கள்!

'இம்யூனிட்டியை ஏத்துங்க' என்ற விளம்பரத்தைத் தாண்டாமல் நீங்கள் போனை ஸ்க்ரோல் பண்ணவே முடியாது. பவுடர், ஜூஸ், மாத்திரை என எல்லாமே ஆக்ஸிலரேட்டரைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால், நோய் எதிர்ப்பு சக்திக்கு பிரேக்கும் உண்டு. அது பிடிக்காமல் போனால், உங்கள் உடம்பை உங்கள் உடம்பே தாக்கும்.

யார் யார் என்ன வேலை?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'டபிள்யூ.பி.சி' என்று இருக்கும் இல்லையா? அதுதான் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோ லிட்டரில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருந்தால் நார்மல். கிருமி நுழைந்ததும் முதல் ஆளாக ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள். கிருமியின் துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, 'இவன்தான் எதிரி' என்று சொல்பவை டென்ட்ரிடிக் செல்கள். அதைப் பார்த்துச் சண்டைக்குக் கிளம்புபவை டி செல்கள்.

சண்டை முடிந்ததும் இவற்றை அடக்குவது யார்? 'ரெகுலேட்டரி டி செல்'. இதுவும் ஒரு வெள்ளை அணுதான்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

டி செல்கள் பெருக 'இன்டர்லூக்கின்-2' என்ற புரதம் வேண்டும். ரெகுலேட்டரி செல்கள் அதைத் தாங்களே உறிஞ்சிக்கொள்ளும். 'அமைதியாகு' என்று சொல்லும் ரசாயனங்களைச் சுரக்கும். டென்ட்ரிடிக் செல்கள் மற்றவற்றை உசுப்பேத்துவதையும் குறைக்கும்.

இந்த செல்களை 1995-ல் அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. 2001-ல், அமெரிக்காவின் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் 'ஃபாக்ஸ்பி3' என்ற ஜீனைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு 'ஐபெக்ஸ்' என்ற அரிய நோய் வரும். பிறந்த சில மாதங்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி எல்லாம் சேர்ந்து தாக்கும். அந்த ஜீன்தான் ரெகுலேட்டரி செல்களை உருவாக்குகிறது என்பது 2003-ல் தெளிவானது. மூவருக்கும் 2025-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

பிரேக் அதிகமானாலும் ஆபத்துதான். சில புற்றுநோய்க் கட்டிகள் இந்த செல்களைத் தம்மைச் சுற்றி வரவழைத்து, தாக்குதலிலிருந்து தப்பித்துக்கொள்கின்றன.

நீங்கள் கவனிக்க வேண்டியது

முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய், சோரியாசிஸ் போன்றவற்றில் எதிர்ப்பு சக்தி குறைவதில்லை. தவறான இடத்தில் வேலை செய்கிறது. இவை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் 'பூஸ்டர்' எதையும் தொடாதீங்க. காலையில் விரல் மூட்டுகள் விறைத்து, வீக்கம் வாரக்கணக்கில் நீடித்தால், கைவைத்தியத்தோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்க.