கைநாட்டிலிருந்து கைரேகைக்கு

‘கைநாட்டு’ என்ற சொல்லில் ஓர் ஏளனம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரை அந்தச் சொல்லால்தான் நாம் சுட்டி வந்திருக்கிறோம். இன்றோ படித்தவர், படிக்காதவர் என்ற பேதமின்றி எல்லோரும் இயந்திரத்தின் முன் கைநாட்டுக்காரர்கள்தாம்.

இதன் வரலாறு நம் மண்ணில்தான் தொடங்குகிறது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தரும் ஒப்பந்தத்தில் ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையைப் பதியவைத்தார். பின்னாளில் அவர் பேச்சு மாறிவிடக் கூடாது என்பதே நோக்கம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரின் பங்கு பெரிது. பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று. கைரேகைப் பதிவு பிறந்தது சந்தேகத்திலிருந்துதான் என்பதை மறந்துவிடலாகாது.

அந்தச் சந்தேகம் நம் நியாயவிலைக் கடைக்கும் வந்தது. தமிழகத்தில் 2017 முதல் காகிதக் குடும்ப அட்டைகளுக்குப் பதிலாக மின்னணு அட்டைகள் வழங்கப்பட்டன. வீட்டில் யார் கொண்டுபோனாலும், கடையின் விற்பனை முனையக் கருவி அட்டையிலுள்ள குறியீட்டைப் படித்துப் பொருளை வழங்கியது. 2020 அக்டோபரில், ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்துடன், விரல் ரேகையும் தேவை என்றாயிற்று. உள்நுழையும் முறை மாறியது. ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் அட்டைக்குரிய உரிமை, உடலுக்குரிய சோதனையாகிவிட்டது.

ஏற்காட்டின் அடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால் இதன் பொருள் விளங்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இங்கே காப்பி வந்தது. இன்றும் பழத்தைப் பறிப்பவை மனித விரல்களே. உழைப்பும் முதுமையும் ரேகையைத் தேய்க்கும். எந்த விரல் அதிகம் உழைத்ததோ, அதைத்தான் கருவி அடையாளம் காண மறுக்கும். மலைச்சரிவில் அலைவரிசையும் சேர்ந்து தடுமாறினால் கேட்கவே வேண்டாம்.

இது வெறும் அசௌகரியம் அன்று. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்காததால் அட்டை ரத்தாகி, பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். நோயால் என்றது அரசு. அடுத்த மாதமே, ரேகை பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கப்படக் கூடாது என்று ஆதார் ஆணையம் சுற்றறிக்கை விடுத்தது.

மாற்று வழிகள் பிறகு ஒவ்வொன்றாக வந்தன: கருவிழிப் பதிவு, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், கடைக்கு வர இயலாதவர் சார்பில் இன்னொருவரை அனுப்பும் படிவம். 2025 ஆகஸ்டில் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் ‘தாயுமானவர்’ திட்டம் தொடங்கப்பட்டது.

இவற்றைச் சலுகை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பூட்டைச் செய்தவன் சாவி சேராத கையையும் முதல் நாளே எண்ணியிருக்க வேண்டும். கோனாயின் கை அன்று தன் வாக்கைக் காக்கவேண்டியிருந்தது. தேய்ந்த விரல்களுக்கு அரசு தன் வாக்கைக் காக்கிறதா என்பதே இன்றைய கேள்வி.