குளிருக்குப் புகை

வெயிலுக்குச் சந்தனம், குளிருக்குப் புகை என்ற கணக்கு பாண்டிய நாட்டில் மிகப் பழையது. நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடை வீசும் நாட்களில் சந்தனம் அரைக்கும் வடநாட்டு வட்டக்கல் சும்மா கிடக்கிறது. பெண்கள் வயிரம் பாய்ந்த அகிலோடு வெள்ளயிரையும் நெருப்பிலிட்டுக் கூந்தலுக்குப் புகையூட்டுகிறார்கள். ஈரம் உலர்த்தத்தானே என்று கேட்கலாம். அதற்கு வெறுங்கங்கு போதும். வெள்ளயிரைக் கண்டசர்க்கரை என்கிறது பழைய உரை. வாசனைக்காக இல்லையென்றால் சர்க்கரையை எவர் தீயில் போடுவார்?

அரண்மனைச் சங்கதி கரிசலுக்குப் பொருந்துமா என்பது இதைவிட வலுவான கேள்வி. கோவில்பட்டிச் சீமையில் விளைவது பருத்தியும் கம்பும். அகிலுக்கு இங்கே வேலையில்லை. குளிர் என்றாலும் மார்கழி, தை விடியற்பனிதான். ஆனால் வாசனைச் சரக்கு விளைந்த ஊரிலேயே நின்றுவிடுவதில்லை; தொண்டியிலிருந்து கொண்டலோடு மதுரைக்கு வரும் மணப்பொருள்களில் சிலப்பதிகாரம் அகிலையும் சேர்க்கிறது. அகில் எட்டாத வீடுகளுக்குச் சுமத்ராவின் சாம்பிராணி கைகொடுத்தது. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தூபக்காலில் கொட்டாங்கச்சிக் கங்கு, அதில் ஒரு சிட்டிகைத் தூள், மேலே கவிழ்த்த பிரப்பங்கூடை, அதன்மேல் விரித்த ஈரக் கூந்தல். குளிர்காலத்துக்கென்று பாரிஸ்காரர்கள் குப்பியில் விற்கும் ‘ஓரியண்டல்’ சென்ட்கள் பலவற்றிலும் இந்தச் சாம்பிராணிப் பிசின்தான் அடிச்சரக்கு. அவர்கள் அதைத் தோலில் தெளிக்கிறார்கள். இங்கே முடியில் ஏற்றினார்கள்.