ஓஎல்இடி விளக்கும் கப்பலும்

கரிமச் சேர்மங்களால் ஆன மிக மெல்லிய படலத்தில் மின்சாரம் பாயும்போது அந்தப் படலமே ஒளிர்வது ஓஎல்இடி விளக்கு. கரிம ஒளியுமிழ் டையோடு என்றும் எழுதுவர். சாதாரண எல்இடி கடுகளவு படிகம் ஒன்றிலிருந்து கூர்மையான ஒளியை வீசும். அந்த ஒளியைப் பரப்பவும் மட்டுப்படுத்தவும் தனியே மூடி வேண்டும். ஓஎல்இடியில் பலகை முழுவதும் ஒரே சீராக ஒளிர்கிறது. கண் கூசுவதில்லை, நிழல் கடுமையாக விழுவதில்லை. பலகையின் கனமோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கைபேசித் திரையாகவும் தொலைக்காட்சியாகவும் உலகெங்கும் பரவிவிட்ட இத்தொழில்நுட்பம், விளக்கு என்ற வகையில் அவ்வளவு வளரவில்லை. கப்பலில் அதன் பயன்பாடு இன்னும் வாய்ப்பு என்ற நிலையில்தான் உள்ளது. சில இடங்களுக்கு அது மிக நன்றாகப் பொருந்தும். சில இடங்களுக்குச் சற்றும் பொருந்தாது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் கப்பல் மின்விளக்கு, ஓஎல்இடி ஆகிய இரண்டின் வரலாறுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கப்பலில் மின்விளக்கு

எடிசன் தம் இழை விளக்கை 1879 டிசம்பர் 31 அன்று மென்லோ பார்க்கில் பொதுமக்களுக்குக் காட்டினார். அதைப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் ஹென்றி வில்லார்டு. ஒரெகன் ரயில்வே அண்ட் நேவிகேஷன் கம்பெனியின் தலைவரான அவருக்காகப் பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில் ஜான் ரோச்சின் தளத்தில் ‘கொலம்பியா’ என்னும் நீராவிக் கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு எடிசனின் விளக்குதான் வேண்டும் என்றார் வில்லார்டு. தீப்பிடித்துவிடும் என்று அஞ்சிய ரோச் அந்த வேலையை ஏற்கவில்லை. கப்பல் நியூயார்க் வந்த பிறகு எடிசனின் ஆட்களே கம்பி இழுத்து, டைனமோக்களைப் பொருத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளை மாட்டினர். 1880-இல் அந்த விளக்குகளோடு கொலம்பியா தென்னமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குச் சென்றது. பயணியர் தம் அறை விளக்கைத் தாமே போடவோ அணைக்கவோ முடியாது. சுவிட்ச் அறைக்கு வெளியே ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பணியாள் வந்து திறந்து போட வேண்டும். மென்லோ பார்க்குக்கு வெளியே எடிசன் விளக்கு முதன்முதலில் வணிகமுறையில் எரிந்த இடம் இந்தக் கப்பலே. நகரத் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அது பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

இதில் வியப்பில்லை. மரச்சுவர்களுக்கு நடுவே எண்ணெய் விளக்கு எரிவது கப்பலுக்கு எப்போதும் ஆபத்து. டைனமோவைச் சுழற்றத் தேவையான நீராவியோ கப்பலிலேயே இருந்தது.

பிரிட்டன் கடற்படையின் ‘இன்ஃப்ளெக்சிபிள்’ போர்க்கப்பல் 1881-இல் சேவைக்கு வந்தபோது பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் இழை விளக்குகள் அதில் எரிந்தன. அதன் மின்வலை 800 வோல்ட்டில் இயங்கியது. 1882-இல் மாலுமி ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அதன்பின் கடற்படை 80 வோல்ட்டுக்கு இறங்கியது. ஈரமும் உப்பும் எஃகும் நிறைந்த இடத்தில் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு உள்ள மதிப்பை அந்த ஒரு மரணம் உணர்த்திவிட்டது.

ஒளியைப் பரப்பாகத் தரும் ஆசையும் கப்பலுக்குப் பழையது. 1935-இல் முதல் பயணம் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் ‘நார்மண்டி’யின் முதல் வகுப்பு உணவுக்கூடத்துக்குச் சன்னலே கிடையாது. கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக்கின் பிரம்மாண்டமான கண்ணாடித் தூண்கள் உள்ளிருந்து ஒளிர்ந்து அந்தக் கூடம் முழுவதையும் நிறைத்தன. சன்னலில்லாத இடத்தை விளக்கொளியால் வாழத்தக்கதாக்குவது இன்றைய பயணியர் கப்பல்களின் உள்ளறைகளுக்கும் உள்ள தேவையே.

இழை விளக்குகள் இயந்திர அதிர்வில் அடிக்கடி போயின. பின்னர் வந்த டியூப் லைட் மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் அதில் பாதரசம் இருந்தது, உடைந்தால் தொல்லை. இந்த நூற்றாண்டில் எல்இடி இரண்டையும் விரட்டிவிட்டது.

ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்கு

1950-களின் தொடக்கத்தில் பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே பெர்னனோசும் அவர் குழுவினரும் கரிமச் சாயங்களின்மீது உயர் மாறுமின்னழுத்தம் கொடுத்து அவை ஒளிர்வதைக் கண்டனர். 1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப்பின் குழு ஆந்த்ரசீன் படிகத்தை நேர்மின்னோட்டத்தால் ஒளிரவைத்தது. அதற்கு 400 வோல்ட் அளவு தேவைப்பட்டது. விளக்காக யாரும் எண்ணிப்பார்க்க முடியாத அளவு அது.

திருப்பம் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில், ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. ஹாங்காங்கில் பிறந்த சிங் டாங் அங்கே கரிமப் பொருள்களால் சூரிய மின்கலம் செய்ய முயன்றுகொண்டிருந்தார். ஒளியை மின்சாரமாக்கும் இரட்டைப் படல அமைப்பை மறுதலையாகவும் பயன்படுத்தலாம் என்பது அவருக்குப் புலப்பட்டது. நேர்மின்துளைகளைக் கடத்த ஒரு படலம், எலக்ட்ரான்களைக் கடத்தி ஒளிர இன்னொரு படலம். இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒளி பிறக்கிறது. ஸ்டீவன் வான் ஸ்லைக்குடன் சேர்ந்து அவர் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில் 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் சதுர மீட்டருக்கு 1000 கேண்டெலாவுக்கும் மேற்பட்ட ஒளிர்வு பதிவாகியிருந்தது. 400 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு வந்த அந்த இறக்கமே ஓஎல்இடியின் உண்மையான பிறப்பு.

1990-இல் கேம்பிரிட்ஜின் காவென்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பரோஸ், பிராட்லி, ஃபிரெண்டு ஆகியோர் பாலிமர் படலத்தையும் ஒளிரவைத்தனர். விளக்குக்கு வேண்டிய வெள்ளை ஒளி 1990-களின் நடுவில் ஜப்பானின் யமகட்டா பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜி கிடோவின் கையில் கிடைத்தது. இன்னொரு தடை மீதியிருந்தது: படலத்தில் உருவாகும் கிளர்வுநிலைகளில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே ஒளியாயிற்று, மற்றது வெப்பமாக வீணானது. 1998-இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபாரஸ்டும் தென்கலிபோர்னியாவைச் சேர்ந்த மார்க் தாம்ப்சனும் தம் குழுவினரோடு பிளாட்டினச் சேர்மம் ஒன்றைக் கலந்து அப்படி வீணாவதையும் ஒளியாக்க வழி காட்டினர். 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் குழு வெள்ளை ஓஎல்இடியில் வாட்டுக்கு 90 லூமென் ஒளி என்ற அளவைத் தொட்டது. அது டியூப் லைட்டின் திறனுக்கு இணை.

சந்தையில் நடந்தது வேறு. பிலிப்ஸ், ஓஸ்ராம், கொனிக்கா மினோல்ட்டா, லூமியோடெக் எனப் பல நிறுவனங்கள் பலகைகளை வெளியிட்டன. எல்ஜி டிஸ்ப்ளே 2017-இல் கொரியாவின் குமியில் பெரிய அளவில் உற்பத்தியைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே விலகிக்கொண்டது. இதே காலத்தில் எல்இடியின் விலை சரிந்து திறன் ஏறியதே இதற்குக் காரணம். கோடாக்கின் முன்னாள் ஊழியர்கள் ரோச்செஸ்டரில் அமைத்த ஓஎல்இடிவொர்க்ஸ் 2015-இல் பிலிப்ஸின் பிரிவை வாங்கித் தொடர்ந்து இயங்கியது. கார்கள் ஒரு புதிய வழியைத் திறந்தன: 2016-இல் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ், ஆடி டிடி ஆர்எஸ் ஆகியவற்றின் பின்விளக்குகளில் ஓஎல்இடி இடம்பெற்றது. வெயில், மழை, அதிர்வு மூன்றையும் தாங்க வேண்டிய இடம் அது. ஆகையால் கப்பலைப் பற்றி யோசிப்பவர்கள் வீட்டு விளக்குகளைவிடக் காரின் பின்விளக்கைக் கவனிப்பதே பயன்தரும்.

பொருந்தும் இடங்கள்

முதலாவது மாலுமிகளின் அறை. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கோரும் குறைந்தபட்ச உயரம் 203 சென்டிமீட்டர்தான். தலைக்கு அவ்வளவு அருகில் கூர்மையான எல்இடி கண்ணை உறுத்தும். ஓஎல்இடி பலகையைக் கூரையோடு ஒட்டியே பதிக்கலாம். விளக்குக் கூட்டுக்கு வேண்டிய ஆழம் மிச்சம், எடையும் மிச்சம். நீலக் கூறு குறைந்த ஒளியாக அதைச் செய்ய முடிவதால், நாளில் இருமுறை கண்காணிப்புப் பணிக்கு எழுந்து மீண்டும் உறங்க வேண்டியவர்களுக்கு அது நல்லது. ஆனால் கணக்கையும் சொல்ல வேண்டும். சதுர மீட்டருக்கு 3000 கேண்டெலா ஒளிர்வில் 10 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஏறக்குறைய 90 லூமென் தரும். 36 வாட் டியூப் லைட் ஒன்றுக்கு ஈடுகட்ட இப்படி 35-க்கும் மேற்பட்ட பலகைகள் வேண்டும். எனவே அறையின் முழு வெளிச்சத்தையும் இதனிடம் கேட்பதைவிடப் படுக்கைத்தலைமாட்டிலும் சுவரிலும் தொடங்குவது மேல்.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியமானது. 1990 ஏப்ரல் 7 அதிகாலையில் ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஷாவனுக்குச் சென்றுகொண்டிருந்த ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ பயணியர் கப்பலில் தீப்பற்றி 159 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நச்சுப்புகை. புகை மேலே சூழும்போது கூரை விளக்கும் கதவின் மேலுள்ள பலகையும் முதலில் மறைந்துபோகும். இதன்பின், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் விதிகள் பயணியர் கப்பல்களின் தப்பும் வழிகளில், தரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில், ஒளிரும் வழிகாட்டிக் கோட்டைக் கட்டாயமாக்கின. 1993-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு நிறைவேற்றிய ஏ.752(18) தீர்மானம் அதற்கான நெறிகளைத் தந்தது. பல கப்பல்களில் இந்த வேலையைச் செய்வது ஒளியை உறிஞ்சி இருளில் உமிழும் பட்டை. அதனிடம் கேட்கப்படுவது விளக்குகள் அணைந்து 10 நிமிடம் கழித்துச் சதுர மீட்டருக்கு 15 மில்லிகேண்டெலா. ஒரு மணி நேரத்தில் அதுவும் 2 ஆகத் தேய்ந்துவிடலாம்.

75 மில்லிமீட்டர் அகல ஓஎல்இடி பட்டை ஒன்று, சதுர மீட்டருக்கு வெறும் 10 கேண்டெலாவில் எரிந்தாலே அந்த 15 மில்லிகேண்டெலாவைவிட 600 மடங்குக்கும் மேல் பிரகாசமாயிருக்கும். வாட்டுக்கு 50 லூமென் எனக் கொண்டால், மின்மாற்றுக் கருவியின் இழப்பு நீங்கலாக, 100 மீட்டர் நடைவழிக்கு 5 வாட் போதும். பயணியர் கப்பலின் அவசர மின்வழங்கல் 36 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது விதி. அந்த நேரம் முழுவதும் இந்தக் கோடு தேயாமல் எரியும். மங்கலாக எரியும் ஓஎல்இடிக்கு ஆயுளும் மிக அதிகம். எல்லா விளக்கிடங்களிலும் இதைப்போல் அதன் இயல்புக்கு ஒத்த பணி வேறில்லை.

பொருந்தாத இடங்களும் ஈரமும்

வழிசெலுத்தல் விளக்குகளுக்கு ஓஎல்இடி ஆகாது. 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் பாய்மர உச்சி விளக்கு 6 கடல்மைல் தொலைவில் தெரிய வேண்டும். அதற்கு 94 கேண்டெலா தேவை. மேலே சொன்ன சிறு பலகை நேர்முகமாகத் தருவது சுமார் 30 கேண்டெலாதான், பக்கவாட்டில் அதுவும் குறையும். அந்த விளக்கு 225 பாகை வளைவுக்குள் சீராகத் தெரிந்து, எல்லையில் சட்டென்று மறையவும் வேண்டும். பரப்பொளியை அப்படி வெட்டுவது கடினம். கப்பலோட்டும் மேடையிலும் எச்சரிக்கை தேவை. இருளுக்குப் பழகக் கண்ணுக்கு அரைமணி நேரம் ஆகும். அகன்ற ஒளிப்பரப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்தால் எதிரே வரும் கப்பல் தெரியாமல் போகும். மிக மங்கலாக்கிய சிவப்புப் பலகை, வரைபட மேசையின் மேல் மட்டும், சரியாக இருக்கும்.

பெரிய எதிரி ஈரம். நீராவி உள்ளே கசிந்தால் படலத்தில் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவும். நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் நீராவி நுழையக்கூடாது என்பதே ஆய்வாளர்கள் வைத்த இலக்கு. கண்ணாடி அதை எளிதில் தாங்கும், வளையும் பிளாஸ்டிக் திணறும். பிளாஸ்டிக் பலகை தீப்பரவல் சோதனையையும் கடக்க வேண்டும். கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் வகைப்பாட்டுக் கழகங்களோ உப்புமூடுபனி, ஈரவெப்பம், அதிர்வு, 22.5 பாகைச் சாய்வு எனச் சோதிக்கும். மின்காந்த இடையூறும் உண்டு: எல்இடி விளக்குகள் விஎச்எஃப் வானொலியையும் கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் குழப்புவதாக அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-இல் எச்சரித்தது. ஓஎல்இடியையும் ஒரு மின்மாற்றுக் கருவியே இயக்குவதால் அந்தப் பொறுப்பு இதற்கும் உண்டு.

விலையிலும் வாட்டுக்குக் கிடைக்கும் லூமெனிலும் எல்இடி இன்று முன்னே நிற்கிறது. இயந்திர அறைக்கும் மேல்தளத்துக்கும் அதுவே போதும். ஓஎல்இடியைச் சோதிக்க விரும்பும் கப்பல் கட்டுநர்கள் அலங்காரக் கூடத்தை விட்டுவிட்டு, நடைவழியின் தரையோரக் கோட்டில், கண்ணாடி உறையிட்ட பலகைகளோடு தொடங்க வேண்டும்.